பழைய பொருளும் நல்ல பெயரும்

புதிய பொருளை விற்பது ஒரு தொழில். பழைய பொருளை விற்பது வேறொரு தொழில். புதிய பேனாவை விற்கும் கடைக்காரர் அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒரே அச்சில் வார்த்த நூறு பேனாக்கள் அவரிடம் இருக்கின்றன. ஒன்றைப் பார்த்தவர் நூறையும் பார்த்தவர் ஆவார். பழைய பேனாவின் நிலை அப்படி அன்று. அதன் முள் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, மை கசிகிறதா, மூடி இறுகப் பொருந்துகிறதா, எத்தனை முறை கீழே விழுந்து எழுந்தது என்பவையெல்லாம் அந்த ஒரு பேனாவுக்கே உரிய செய்திகள். அவற்றை முழுவதும் அறிந்தவர் ஒருவரே. அவர்தாம் அதை விற்க வந்திருக்கிறார். வாங்க வந்தவருக்கோ அவற்றுள் ஒன்றும் தெரியாது.

விற்பவர் அறிந்தது மிகுதி, வாங்குபவர் அறிந்தது குறைவு என்ற இந்த ஏற்றத்தாழ்வே பழம்பொருள் வாணிகத்தின் வேர். இதைப் புரிந்துகொண்டால் அந்த வாணிகத்தில் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பது தானே விளங்கிவிடும்.

சென்னையில் சென்ட்ரல் ரெயில் நிலையத்தின் பக்கத்தில் மூர் மார்க்கெட் என்ற அங்காடி இருந்தது. 1900ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அது, 1985ஆம் ஆண்டு மே மாதத்தில் தீக்கு இரையாயிற்று. பழைய புத்தகங்களுக்கும் பழைய சாமான்களுக்கும் பெயர்பெற்ற இடம் அது. அங்கே சென்றவர் புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டுவார், நடுவில் பக்கம் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பார், முகர்ந்துகூடப் பார்ப்பார். பிறகுதான் பேரம். அவருடைய கண்ணும் கையும் மூக்கும் அந்த ஏற்றத்தாழ்வை ஓரளவு ஈடுசெய்தன.

இன்று அந்த அங்காடி கைப்பேசித் திரைக்குள் வந்துவிட்டது. கல்லூரிப் படிப்பை முடித்த மாணவர் தம் பாடப் புத்தகங்களையும், கணக்கிடும் பொறியையும், பழைய கைப்பேசியையும் இணையத்தில் விளம்பரம் செய்கிறார். அவர் இருப்பது கோயம்புத்தூர். வாங்குகிறவர் இருப்பது கௌஹாத்தி. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இனிப் பார்க்கப் போவதுமில்லை. கண் காணாதவரிடமிருந்து தபாலில் பொருள் வாங்குவது நமக்குப் புதிதன்று. 1877ஆம் ஆண்டிலேயே இந்தியத் தபால் இலாகா வி.பி.பி. முறையைத் தொடங்கிற்று. பொருள் கைக்கு வந்த பிறகு தபால்காரரிடம் பணத்தைக் கட்டும் முறை அது. ஆனால் அவ்வாறு வந்தவை பெரும்பாலும் பெயருள்ள நிறுவனங்களின் புதிய சரக்குகள். பழைய பொருளை, பெயர் தெரியாத ஒருவர், பெயர் தெரியாத வேறொருவருக்கு அனுப்புவது இணையம் பெருக்கிய வாணிகம்.

இந்த வாணிகத்தின் தொடக்கத்தைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியா மாநிலத்தில் 1995ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பியர் ஓமிட்யார் என்ற இளைஞர் இணையத்தில் ஓர் ஏலக்கூடத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் ஈபே என்று உலகெங்கும் அறியப்பட்டது. அதில் முதன்முதலாக விலைபோன பொருள் உடைந்துபோன லேசர் ஒளிச்சுட்டி என்று அந்நிறுவனம் தன் வரலாற்றைச் சொல்லும்போது கூறுகிறது. விலை 14 டாலர் 83 சென்ட். ‘இது உடைந்தது என்று தெரிந்துதான் வாங்குகிறீர்களா?’ என்ற பொருள்பட ஓமிட்யார் வாங்கியவரைக் கேட்டாராம். உடைந்த ஒளிச்சுட்டிகளைச் சேர்ப்பதே தம் வழக்கம் என்று மறுமொழி வந்ததாம்.

இச்செய்தியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உடைந்த பொருளுக்கும் உலகில் எங்கோ ஒருவர் இருக்கிறார். உடைந்தது என்று சொல்லி விற்றால் அவர் மகிழ்ச்சியோடு வாங்குவார். அதையே உடையாதது என்று சொல்லி வேறொருவர் தலையில் கட்டினால் அது மோசடி. பொருள் ஒன்றுதான், சொல்தான் வேறு.

சொல் பொய்த்தால் ஒரு மனிதர் மட்டும் ஏமாறுவதில்லை; சந்தையே கெட்டுவிடும். இதை எடுத்துக் காட்டியவர் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர். 1970ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை பழைய மோட்டார்க் கார்களின் சந்தையைப் பற்றியது. பார்வைக்கு நன்றாக இருந்து வாங்கிய பின் தொல்லை கொடுக்கும் காரை அந்நாட்டார் எலுமிச்சை என்பர். அந்த எலுமிச்சைகள் சந்தையை என்ன செய்கின்றன என்பதே அவருடைய ஆராய்ச்சி. இந்தியாவில் சிறிது காலம் தங்கியவர் அவர். கடைத்தெருவில் அரிசி வாங்கிய இல்லத்தரசிகள் அதில் கலந்திருக்கும் கல்லைப் பொறுக்க வேண்டியிருப்பதையும் அக்கட்டுரையில் உதாரணமாகக் காட்டியிருக்கிறார். 2001ஆம் ஆண்டில் அவருக்கும் வேறு இருவருக்கும் பொருளியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

அவருடைய கருத்தை நம் ஊர்ச் சைக்கிள் ஒன்றைக்கொண்டு விளக்கலாம். ஒரு சந்தையில் பழைய சைக்கிள்கள் சில விற்பனைக்கு இருக்கின்றன. பாதி நல்லவை, ஒவ்வொன்றும் 4,000 ரூபாய் பெறும். மற்றப் பாதி பழுதானவை. ஒவ்வொன்றும் 2,000 ரூபாய்தான் பெறும். எது நல்லது, எது பழுது என்று வாங்குபவரால் கண்டறிய முடியவில்லை. அவர் என்ன செய்வார்? நடுத்தரமாக 3,000 ரூபாய் தர முன்வருவார். நல்ல சைக்கிள் வைத்திருப்பவர், ‘4,000 ரூபாய்ச் சாமானை 3,000 ரூபாய்க்கா கொடுப்பது?’ என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவார். பழுதான சைக்கிள்காரர் மகிழ்ச்சியோடு நிற்பார். இப்போது சந்தையில் எஞ்சியவை பழுதானவை மட்டும். இதை வாங்குபவர்களும் விரைவில் உணர்ந்துகொள்வார்கள். நல்லவர் போய்விட்டார், வாங்குபவர்களும் போகத் தொடங்குகிறார்கள். இவ்வாறு பொய் தன்னைச் சொன்னவரை மட்டும் தண்டிப்பதில்லை. மெய் சொன்னவரையும் சந்தையை விட்டு விரட்டிவிடுகிறது.

இதற்கு மருந்து விற்பவரிடம்தான் இருக்கிறது. வாங்குபவரின் கண்ணாகவும் கையாகவும் மூக்காகவும் விற்பவரே மாற வேண்டும். தம் பொருளின் குறைகளைத் தாமே தேடிக் கண்டு, தாமே முதலில் சொல்ல வேண்டும்.

குறையைச் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதுவதில் ஒரு செய்தியும் இல்லை. எல்லோரும் அவ்வாறே எழுதுகிறார்கள். ‘முதல் மூன்று அத்தியாயங்களில் பென்சிலால் அடிக்கோடு இட்டிருக்கிறது, 96ஆம் பக்கத்தில் மைக்கறை, பின்னட்டையின் மூலை மடிந்தது, பக்கம் ஒன்றும் குறையவில்லை’ என்று எழுதினால் வாங்குபவர் அந்தப் புத்தகத்தைக் கையில் பிடித்துவிட்டார். இராமபாணப் பூச்சி துளைத்திருந்தால் அதைச் சொல்ல வேண்டும். ஓரங்களில் பழுப்புப் புள்ளி விழுந்திருந்தால் அதைச் சொல்ல வேண்டும். படத்தில் தெரியாத குறை ஒன்று உண்டு, அது வாடை. மழைக்காலத்தில் நனைந்து காய்ந்த புத்தகமும், புகை பிடிப்பவர் அறையில் இருந்த துணியும் படத்தில் அழகாகத்தான் தோன்றும். பெட்டியைத் திறந்த மறுகணமே உண்மை வெளிப்பட்டுவிடும். ஆதலால் வாடையையும் எழுத்தில் சொல்வது கடமை.

‘சோதித்துப் பார்க்கவில்லை’ என்று எழுதித் தப்பித்துக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. வானொலிப் பெட்டி ஒன்றை விற்கிறவர் வீட்டில் மின்சாரம் இருக்கிறது. சுவரில் செருகிப் பார்க்க அரை நிமிஷம் போதும். ஆனாலும் அவர் சோதிக்கவில்லை என்கிறார் என்றால், படிப்பவர் என்ன நினைப்பார்? சோதித்தார், பாடவில்லை என்றுதான் நினைப்பார். விலையையும் அதற்கேற்பக் குறைப்பார். சோதிக்கக் கூடியதைச் சோதித்து, கண்டதைச் சொல்வதே நேர்மை, ஆதாயமும் அதுவே.

படம் எடுப்பதிலும் இதே நெறிதான். பகல் வெளிச்சத்தில், சன்னல் ஓரத்தில் வைத்து எடுத்தால் நிறம் மெய்யாக விழும். மின்னல் விளக்கின் ஒளி கீறலை மறைத்துவிடும். முன்னும் பின்னும், மேலும் கீழும் எடுத்த பிறகு, குறையுள்ள இடத்தை நெருங்கி ஒரு படம் எடுக்க வேண்டும். அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் அளவுகோல் ஒன்றை வைக்கலாம். நிறுவனத்தாரின் விளம்பரப் படத்தை எடுத்துப் போடுவது தகாது. அது வேறொரு பொருளின் படம். உங்கள் பொருளின் படம் அன்று. இயந்திரமாக இருந்தால் அதன் வரிசை எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏமாற்றுபவர் விற்கும் பக்கத்தில் மட்டும் இல்லை. நல்ல பொருளைப் பெற்றுக்கொண்டு, தம்மிடம் இருந்த பழுதான பொருளைத் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. அப்போது அந்த எண்ணே உங்களுக்குச் சாட்சி.

அடுத்தது விலை. நம் கையில் இருக்கும் பொருளை நாம் எப்போதும் உயர்வாகவே மதிக்கிறோம். 1990ஆம் ஆண்டில் கானமன், நெட்ஷ், தேலர் என்ற மூவர் இதைப் பற்றிய சோதனைகளை வெளியிட்டனர். கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்குக் காப்பிக் குவளை ஒன்றைக் கொடுத்தார்கள். மற்றப் பாதிப் பேருக்குக் கொடுக்கவில்லை. குவளை பெற்றவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, பெறாதவர்கள் கொடுக்க முன்வந்த விலையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. சில நிமிஷங்கள் கையில் இருந்த குவளைக்கே இவ்வளவு பற்று என்றால், நான்கு ஆண்டு தோளில் தொங்கிய பைக்கும், தூக்கம் விழித்துப் படித்த புத்தகத்துக்கும் எவ்வளவு இருக்கும்! வாங்குபவர் உங்கள் நினைவுகளுக்கு விலை தருவதில்லை. ஆகவே மற்றவர்கள் விளம்பரத்தில் என்ன விலை கேட்கிறார்கள் என்று பார்த்தால் போதாது. அதே பொருள் உண்மையில் என்ன விலைக்குப் போயிற்று என்று பார்க்க வேண்டும். கேட்ட விலை ஆசை. போன விலையே சந்தை.

பொருள் விலைபோய்விட்டது. பணியில் பாதிதான் முடிந்தது. மறு பாதி பெட்டி கட்டுவது. சொல்லால் காப்பாற்றிய நம்பிக்கையைச் சணலும் அட்டையும் காப்பாற்ற வேண்டிய கட்டம் இது. பலர் இழப்பது இங்கேதான்.

உங்கள் பெட்டி செல்லும் வழியை மனத்தில் எண்ணிப் பாருங்கள். மூட்டையில் விழுகிறது, வண்டியில் ஏறுகிறது, அதன்மேல் வேறு பத்துப் பெட்டிகள் ஏறுகின்றன, பிரிக்கும் கூடத்தில் ஓடும் பட்டையிலிருந்து சறுக்கி விழுகிறது. ‘உடையும் பொருள், கவனம்’ என்று சிவப்பு மையால் எழுதுவதில் தவறில்லை. ஆனால் மேலிருக்கும் மூட்டைக்கும் ஓடும் பட்டைக்கும் எழுத்துத் தெரியாது. ஆகவே, இடுப்பு உயரத்திலிருந்து கீழே விழுந்தாலும் உள்ளே இருப்பது பிழைக்குமா என்று கேட்டுக்கொண்டு கட்டுங்கள்.

உடையும் பொருள் எங்கே உடைகிறது? பொதுவாக, அசையக்கூடிய இடத்தில் உடைகிறது. தட்டச்சு இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கனத்த இரும்புப் பொறி; அதற்கு என்ன வந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தாளைத் தாங்கிப் பக்கவாட்டில் ஓடும் அதன் மேற்பகுதியைக் கட்டாமல் அனுப்பினால், வண்டி குலுங்கும்போதெல்லாம் அது இங்கும் அங்கும் மோதி, தன் கனத்தினாலேயே தன்னை உடைத்துக்கொள்ளும். அதை நடுவில் நிறுத்தி, அசையாமல் கட்டிய பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். இசைத்தட்டுச் சுழற்றியை அனுப்புபவர் அதன் சுழல்தட்டைக் கழற்றித் தனியே சுற்ற வேண்டும். முள் தாங்கும் கையின் பின்னாலுள்ள எடைக் கட்டியையும் கழற்ற வேண்டும். கையை அதன் தாங்கியோடு கட்ட வேண்டும். சுவர்க் கடிகாரமானால் ஊசலைக் கழற்றாமல் அனுப்பவே கூடாது. இம்மூன்று பொறிகளும் கற்பிக்கும் பாடம் ஒன்றே: பொருளுக்குள் அசைவதை முதலில் நிறுத்துங்கள், பிறகு பெட்டிக்குள் பொருள் அசைவதை நிறுத்துங்கள்.

பெட்டியைப் பற்றியும் சில சொற்கள். நெளி அட்டைப் பெட்டியின் வலிமை, இரு தாள்களுக்கு நடுவே இருக்கும் அந்த நெளிவில் இருக்கிறது. ஒருமுறை நசுங்கிய நெளிவு மீண்டும் நிமிர்வதில்லை. ஈரம் பட்ட அட்டையும் வலுவிழந்துவிடும். மளிகைக் கடையில் கிடைத்த பெட்டியைப் பயன்படுத்தலாம். ஆனால் மூலை நசுங்காததாகவும் காய்ந்ததாகவும் இருக்க வேண்டும். இலேசான பொருளுக்கு மூன்றடுக்கு அட்டை போதும். கனமானவற்றுக்கு ஐந்தடுக்கு வேண்டும். பொருளுக்கும் பெட்டியின் சுவருக்கும் நடுவே நான்கு புறமும், மேலும் கீழும், இரண்டு அங்குல இடைவெளி விட்டு, அதைக் கசக்கிய காகிதத்தாலோ குமிழ்த் தாளாலோ இறுக நிரப்ப வேண்டும். மூடிய பிறகு பெட்டியைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஓசை கேட்டால் மறுபடி திறக்க வேண்டியதுதான்.

புத்தகம் முதலில் அடிபடுவது மூலையில். நனையாமல் இருக்கப் பாலித்தீன் உறையில் இட்டு, புத்தகத்தைவிடச் சிறிது பெரிய அட்டைகள் இரண்டின் நடுவே அதை வைத்துக் கட்டினால், அடி அட்டைக்குப் போகும்; புத்தகம் தப்பும். பீங்கான் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி, விளிம்பின்மேல் நிற்கும்படி அடுக்க வேண்டும். கண்ணாடிச் சட்டமிட்ட படமானால் கண்ணாடியின் குறுக்கே ஒட்டுநாடாவைப் பெருக்கல் குறிபோல ஒட்டி வைக்கலாம். கண்ணாடி உடைந்தாலும் சில்லுகள் சிதறிப் படத்தைக் கிழிக்காமல் இருக்கும். நீண்டு சுழலும் பெரிய இசைத்தட்டுக்களை உறையினின்றும் வெளியே எடுத்து, உறைக்குப் பின்னால் வைத்து அனுப்புவது பழகியவர் வழக்கம். இல்லாவிடில் தட்டின் விளிம்பு உறையின் தையலைக் கிழித்துவிடும். இவற்றில் எதுவும் பெரிய வித்தை அன்று. ஒருவர் உடைத்துக் கற்றதை மற்றவர் கேட்டுக் கற்கிறார், அவ்வளவுதான்.

விலாசத்தைப் பெட்டியின்மேல் ஒட்டினால் போதாது. அதே விலாசத்தை எழுதிய சீட்டு ஒன்று உள்ளேயும் இருக்க வேண்டும். மேலே ஒட்டியது மழையில் கரையலாம், கிழியலாம். ஆறு இலக்கத் தபால் குறியீட்டெண் நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் உரிய எண்கள் ஆறில் தொடங்குகின்றன. ஒரே பெயருள்ள ஊர்கள் பல இருக்கும் நாட்டில் அந்த ஆறு இலக்கங்களில் ஒன்று பிழையானாலும் பெட்டி வேறு ஊரைச் சுற்றிப் பார்க்கப் போய்விடும்.

அனுப்பும் கூலியைப் பொருளை விற்பதற்கு முன்பே கணக்கிட வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கூரியர் நிறுவனங்கள் பல எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டி வண்டியில் அடைக்கும் இடத்தையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5,000 ஆல் வகுத்தால் வருவது கன அளவு எடை. வகுக்கும் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். மெய்யான எடை, கன அளவு எடை ஆகிய இரண்டில் எது பெரிதோ அதற்கே கூலி. 40 சென்டிமீட்டர் நீளமும், 30 அகலமும், 20 உயரமும் உள்ள பெட்டியின் கன அளவு 24,000. வகுத்தால் 4.8 கிலோ. உள்ளே இருப்பது ஒரு கிலோ எடையுள்ள பொம்மையானாலும் 4.8 கிலோவுக்கு உரிய கூலியே கொடுக்க வேண்டும். இதை அறியாமல் 300 ரூபாய்க்குப் பொருளை விற்று, அதற்கு மேல் கூலி கொடுத்து அனுப்புகிறவர் வாணிகம் செய்யவில்லை, தானம் செய்கிறார்.

கைப்பேசியையும் மடிக்கணினியையும் விற்பவர்கள் இன்னும் சில செய்திகளை அறிந்திருக்க வேண்டும். லித்தியம் மின்கலம் அடிபட்டாலோ சூடேறினாலோ தீப்பற்றக் கூடியது. அதனால் லித்தியம்-அயான் மின்கலங்களைத் தனியே பயணி விமானங்களில் சரக்காக ஏற்றுவது 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் முதல் உலகளாவிய விமானப் போக்குவரத்து விதிகளால் தடுக்கப்பட்டிருக்கிறது. கருவிக்குள்ளேயே பொருத்திய மின்கலத்துக்கு வேறு விதிகள். அனுப்பும் நிலையத்தில் உள்ளே இருப்பது இன்னது என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். உப்பிப்போன மின்கலத்தை எவ்வழியிலும் அனுப்பக் கூடாது. பெட்டிக்குள் நீங்கள் மறைப்பது உங்களுக்கு முகம் தெரியாத பலருடைய உயிரோடு விளையாடுவதாகிவிடும்.

கைப்பேசியை விற்பதற்கு முன் உங்கள் கணக்கிலிருந்து முறையாக வெளியேறி, அதன் பிறகே உள்ளிருப்பதை அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும். வெளியேறாமல் அழித்தால், திருட்டைத் தடுப்பதற்காக வைத்திருக்கும் பூட்டு விழுந்து, வாங்கியவர் கையில் கைப்பேசி வெறும் கண்ணாடித் துண்டாகக் கிடக்கும். வாங்குகிறவரும் ஒன்று செய்ய வேண்டும். *#06# என்று அழுத்தினால் ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் தோன்றும். இந்திய அரசு 2023ஆம் ஆண்டில் தொடங்கிய சஞ்சார் சாத்தி என்ற தளத்தில் அவ்வெண்ணைக் கொடுத்து, அது தடை செய்யப்பட்ட கைப்பேசியா என்று பார்த்துக்கொள்ளலாம். திருட்டுப் பொருளை மலிவாக வாங்குவது ஆதாயம் அன்று.

பணத்தைப் பெறும் இடத்திலும் விழிப்பு வேண்டும். 2016ஆம் ஆண்டில் நம் நாட்டில் யு.பி.ஐ. முறை வந்த பின் பணம் நொடியில் கைமாறுகிறது. கள்வரும் அதே வேகத்தில் வருகின்றனர். பேரம் பேசாமல் கேட்ட விலைக்கு உடனே இசைவார். பொருளைப் பார்க்கவும் கேட்கமாட்டார். தாம் வெளியூரில் பணியாற்றும் இராணுவ வீரர் என்றும் சொல்வார். பிறகு ஒரு கட்டப் படத்தை அனுப்பி, ‘இதை ஸ்கேன் செய்து உங்கள் இரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்’ என்பார். ஒன்றை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: பணம் கொடுப்பதற்குத்தான் இரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு அது வேண்டியதே இல்லை. அந்த எண்ணைக் கேட்கும் திரை உங்கள் பெட்டியைத் திறக்கும் திரை. நிரப்பும் திரை அன்று. தவறிப்போய் ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல், காலம் தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணில் முறையிட வேண்டும். விரைந்து சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் சிலவேளை பொருள் உடைந்து போய்ச் சேரும். அப்போது என்ன செய்வது? அன்றே மறுமொழி எழுதுங்கள். உடைந்ததன் படத்தைக் கேளுங்கள். தவறு உங்கள் கட்டில் இருந்தால் தயங்காமல் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். 300 ரூபாய் போகிறதே என்று தோன்றும். ஆனால் உங்களிடம் அதைவிட விலையுள்ள சரக்கு ஒன்று இருக்கிறது. அதுதான் உங்கள் பெயர்.

பெயருக்கு விலை உண்டா என்று கேட்கலாம். அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1996ஆம் ஆண்டிலேயே ஈபேயில், வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்து எழுதும் முறை ஏற்பட்டது. நாளடைவில், தம்மைக் குறை சொன்னவர்மீது தாமும் குறை சொல்லிப் பழிவாங்கும் வழக்கம் பரவியது. பலர் வாய்மூடி இருந்தனர். ஆகவே 2008ஆம் ஆண்டில், வாங்குபவரைக் குறைகூறும் உரிமை விற்பவரிடமிருந்து நீக்கப்பட்டது. அச்சத்தால் எழுதிய புகழ்ச்சிக்கு மதிப்பு இல்லை அல்லவா?

அத்தகைய பெயரின் விலையைப் பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் செக்ஹௌசர் முதலிய ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். பழைய படத் தபாலட்டைகளை விற்று நற்பெயர் பெற்ற வணிகர் ஒருவர், ஒரே தன்மையுள்ள அட்டைகளை இணை இணையாகப் பிரித்து, ஒரு பங்கைத் தம் பழைய பெயரிலும், மறு பங்கை எவரும் அறியாத புதுப் பெயர்களிலும் விற்றார். அட்டைகளில் வேறுபாடில்லை, கட்டி அனுப்பிய கையும் ஒன்றே. ஆயினும் பழைய பெயருக்கு வாங்குவோர் தர முன்வந்த விலை 8.1 விழுக்காடு மிகுதியாக இருந்தது. 2006ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. முகம் காணாத மனிதர்கள் ஒரு பெயரை நம்பி, நூற்றுக்கு எட்டு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அந்த எட்டு ரூபாய், சொன்ன ஒவ்வொரு குறைக்கும், இறுகக் கட்டிய ஒவ்வொரு பெட்டிக்கும் கிடைத்த கூலி.

மாணவ நண்பர்களே, நீங்கள் விற்கப் போவது பெரிய சரக்காக இராது. படித்து முடித்த பொறியியல் புத்தகம் நான்கு, வரைபலகை ஒன்று, மாற்றிக்கொண்ட கைப்பேசி ஒன்று, அவ்வளவே இருக்கும். ஆனால் அவற்றை வாங்கப் போகிறவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். புதிய புத்தகம் வாங்க வசதி இல்லாத வேறொரு மாணவர் அவர். சிற்றுண்டிச் செலவைக் குறைத்துச் சேர்த்த பணத்தை உங்களுக்கு அனுப்புகிறார். அவர் உங்களைப் பார்த்ததில்லை. பத்துப் பக்கம் கிழிந்த புத்தகம் போய்ச் சேர்ந்தால் அவர் இழப்பது பணம் மட்டும் அன்று. பரீட்சைக்கு முன் இருக்கும் சில வாரங்களையும் இழக்கிறார். இனிப் பழைய புத்தகமே வாங்குவதில்லை என்று முடிவு செய்தாலும் செய்வார். அவ்வாறு ஒவ்வொருவராக விலகினால், நல்ல புத்தகங்கள் பரணில் கிடந்து செல்லரிக்கும், வேண்டியவருக்குக் கிட்டாது. ஒரு புத்தகம் நான்கு கை மாறினால் நான்கு மாணவர்கள் படிக்கிறார்கள். அந்தச் சங்கிலி அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது, அதைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உள்ள பொறுப்பு.

ஆகவே பெட்டியை ஒட்டுவதற்கு முன்னால் ஒருமுறை நின்று, நீங்கள் எழுதிய விவரத்தையும் உள்ளே இருக்கும் பொருளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எழுதியதும் இருப்பதும் ஒன்றாக இருந்தால் ஒட்டி அனுப்பலாம். வேறாக இருந்தால் முதலில் வாங்கியவருக்குச் செய்தி அனுப்புங்கள். பெட்டி ஒரு நாள் காத்திருக்கட்டும்.